நெல் தராசடித் தொடுதிரை: காலை வெயிலில் எழுத்துத் தெரிவதில்லை, விரலும் படுவதில்லை

வட்டைவாசி (சம்மாந்துறை) கேட்டது:

அனைவருக்கும் ஸலாமும் வணக்கமும். சம்மாந்துறைக்கு அண்மையில் உள்ள தனியார் நெற்களஞ்சியம் ஒன்றில் கணக்கு வேலையையும் கணினி வேலையையும் நான் பார்த்து வருகிறேன். கடந்த பெரும்போக அறுவடைக்கு முன்னர், தராசடியில் சனம் குவிவதைக் குறைப்பதற்காக, விவசாயிகள் தாங்களே தேசிய அடையாள அட்டை இலக்கத்தையும் நெல்லின் இனத்தையும் மூட்டைத் தொகையையும் பதிந்து சிட்டை எடுத்துக்கொள்ளும் வகையில் 10.1 அங்குலத் தொடுதிரை ஒன்றை வாசலில் நிறுத்தினோம். கிழக்கு நோக்கிய இரும்புத் தூண், மேலே தகரத் தாழ்வாரம், திரையின் நடுப்பகுதி நிலத்திலிருந்து 115 சென்றிமீற்றர் உயரத்தில். வாசிக்க வசதியாக இருக்கட்டும் என்று சாய்மேசை போல ஏறத்தாழ 30 பாகை பின்னே சாய்த்துப் பூட்டினோம். பெட்டி கறுப்பு நிறத் தகரம்.

பகல் பதினொரு மணிக்கு மேல் வாசிப்பதில் குறையே இல்லை. காலை ஏழு மணிக்கும் ஒன்பதரைக்கும் இடையில்தான், அதாவது உழவு இயந்திரங்கள் பெட்டியோடு வரிசையில் நிற்கும் நேரத்தில்தான், திரை வெறும் வெள்ளைக் கண்ணாடியாகிவிடுகிறது. நின்று கவனித்தபோது, முன்னால் நிற்பவரின் தலை தெரியும் இடத்தில் மட்டும் எழுத்தை வாசிக்க முடிகிறது. அந்தத் தலைக்கு இரு பக்கமும் வானம். முதியவர் ஒருவர் தோளில் கிடந்த துவாயைத் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தபடி, மற்றக் கையால் இலக்கம் அடித்ததைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது.

இன்னும் மூன்று குறைகள் உள்ளன. என் விரலுக்கு இரண்டாம் முறையிலாவது வேலை செய்யும் திரை, வெள்ளாமை வெட்டி வந்தவர்களின் விரலுக்குப் பெருவிரலால் அழுத்தினால்தான் அசைகிறது. சில வேளைகளில் யாரும் தொடாமலே இலக்கங்கள் தாமாக விழுகின்றன. வெயில் நேராக அடிக்கும் நாட்களில் பத்து மணியளவில் திரையின் நடுவில் மை கொட்டியது போல ஒரு கரும்படலம் தோன்றி, நிழல் வந்த பிறகு தானாக மறைகிறது.

ஒளிர்வை உச்சத்தில் வைத்தாயிற்று. தொலைபேசிக் கடையில் மங்கல் தாள், அதாவது மெற் ஸ்டிக்கர், வாங்கி ஒட்டியும் பார்த்தோம். கூடுதலாக வெளுத்ததே மிச்சம். மென்பொருள் செய்து தந்தவர் கருநீலப் பின்னணியில் இளம்பச்சை எழுத்து வைத்திருக்கிறார். கல்லும் தூசியும் படாமல் இருப்பதற்காக முன்னால் 3 மில்லிமீற்றர் தெளிந்த அக்கிரிலிக் தகடு ஒன்றைப் பூட்டியிருக்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று நினைக்கிறேன். முதலாளி இப்போது 1,000 நிட் (நிட் என்பது பிரகாசத்தை அளக்கும் அலகு) ஒளிர்வுள்ள வெளிப்புறத் திரை ஒன்றுக்கு விலை கேட்டுக்கொண்டிருக்கிறார். அதை வாங்கினால் இந்தத் தொல்லை தீருமா? சிறுபோக அறுவடைக்கு முன்னர் முடிவெடுக்க வேண்டும்.

வாவிக்கரை (மட்டக்களப்பு) பதில்:

தொடர்பில்லை என்று நீங்கள் எழுதிய அந்தத் தகட்டிலிருந்தே தொடங்குகிறேன், தம்பி.

ஒளி வளியிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும் இடத்திலும், கண்ணாடியிலிருந்து மீண்டும் வளிக்குள் வெளியேறும் இடத்திலும், நேராக விழும் ஒளியில் ஏறத்தாழ 4 வீதம் திரும்பித் தெறிக்கிறது. கண்ணாடியின் முறிவுச் சுட்டி, அதாவது ஒளியை அது வளைக்கும் அளவு, ஏறத்தாழ 1.5 என்பதிலிருந்து வரும் கணக்கு இது. அக்கிரிலிக்கின் சுட்டியும் 1.49 என்பதால் அதற்கும் இதுவே பொருந்தும். உங்கள் பெட்டியில் அக்கிரிலிக்கின் இரண்டு முகங்கள், தொடுகைக் கண்ணாடியின் இரண்டு முகங்கள், அதற்குக் கீழே ஒரு வளி இடைவெளி தாண்டி உள்ள திரையின் மேல் முகம் ஆகிய ஐந்தும் சேர்ந்து, முன்னால் உள்ள காட்சியில் ஏறத்தாழ 20 வீதத்தை ஆளின் கண்ணுக்கே திருப்பி அனுப்புகின்றன.

காலைக் கிழக்கு வானத்தின் பிரகாசத்தை 4,000 நிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூரியனுக்கு அண்மையில் அதைவிடக் கூடவே இருக்கும். அதில் 20 வீதம் 800 நிட். சாதாரணத் திரையொன்றின் வெள்ளை 300 நிட் அளவில்தான் இருக்கும். ஆகவே எழுத்தின் வெள்ளைப் பகுதியிலிருந்து 1,100 நிட்டும் கறுப்புப் பகுதியிலிருந்து 800 நிட்டும் கண்ணுக்கு வந்து சேர்கின்றன. இரண்டுக்கும் இடையிலான விகிதம் 1.4க்குச் சற்றுக் குறைவு. சிறிய எழுத்தை வாசிக்க 4.5க்கு 1 என்ற விகிதமாவது வேண்டும் என்பது இணையப் பக்கங்களுக்காக டபிள்யூ3சி அமைப்பு வகுத்த அளவுகோல். திரையின் ஒளிர்வை இரட்டிப்பாக்கி 600 நிட் ஆக்கினாலும் 1.75தான் கிடைக்கும். முதலாளி விலை கேட்கும் 1,000 நிட் திரையை இதே பெட்டிக்குள் வைத்துப் பூட்டினால் 2.25. பணம் போகும், துவாய் தோளிலிருந்து இறங்காது.

இனி, அந்த வானம் ஏன் திரைக்குள் வருகிறது என்று பாருங்கள். நடுத்தர உயரமுள்ள ஒருவரின் கண் உங்கள் திரையின் நடுவிலிருந்து ஏறத்தாழ 40 சென்றிமீற்றர் மேலே, 50 சென்றிமீற்றர் முன்னே இருக்கும். 30 பாகை சாய்ந்த திரையில் அவருடைய பார்வை பட்டுத் திரும்பும்போது அது ஏறத்தாழ 20 பாகை மேல்நோக்கிச் செல்கிறது. அதாவது அவருடைய கழுத்துக்கும் முகத்துக்கும். தலை ஒடுங்கியது என்பதால் அதன் இரு பக்கமும் வானம் புகுந்துகொள்கிறது. நீங்கள் கண்ட காட்சி அச்சொட்டாக இதுதான். ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் சூரியனும் ஏறத்தாழ அதே ஏற்றத்தில்தான் நிற்கும்.

சாய்வை 10 பாகையாகக் குறைத்தால் அதே பார்வை திரும்பிக் கீழ்நோக்கிச் சென்று அவருடைய வயிற்றுப் பக்கத்தில் முடிகிறது. 10.1 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 22 சென்றிமீற்றர். அந்த அகலத்துக்குள் 50 சென்றிமீற்றர் தூரத்தில் தெறித்துத் தெரியும் பரப்பு அதன் இரட்டிப்பு, அதாவது 44 சென்றிமீற்றர். ஓர் ஆளின் உடம்பு அதைப் பெரும்பாலும் மறைத்துவிடும். அவர் சூரியனுக்கு முதுகு காட்டி நிற்பதால் அவருடைய முன்பக்கம் நிழலில் இருக்கும். வெள்ளைச் சட்டையே போட்டிருந்தாலும் 400 நிட் அளவில்தான் பிரகாசிக்கும். அக்கிரிலிக்கையும் கழற்றிவிட்டால் மூன்று முகங்கள், 12 வீதம், 48 நிட். விகிதம் ஏழைத் தாண்டிவிடும். செலவு இரண்டு மரத்துண்டும் நான்கு திருகாணியும். ஆள் மாறும் உயரத்துக்கேற்ப இந்த எண்கள் சற்று அசையும், போக்கு மாறாது.

மங்கல் தாளைப் பற்றி: அறைக்குள் ஒரு மின்குமிழின் விம்பம் திரையில் விழும்போது அதைக் கலைத்துப் பரப்பிவிடுவதற்கு அந்தத் தாள் நல்லது. நேர் வெயில் விழும் இடத்தில் அது ஒவ்வொரு புள்ளியிலும் வெயிலைச் சிதறடித்துத் திரை முழுவதையும் பால் போல ஆக்கிவிடும். உரித்துவிடுங்கள்.

என்றாவது புதிய திரை வாங்கத்தான் வேண்டும் என்றால், நிட் கணக்கைக் கேட்பதற்கு முன்னர் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். தொடுகைக் கண்ணாடிக்கும் திரைக்கும் இடையிலுள்ள வெளி ஒளியியல் பசையால் நிரப்பப்பட்டுள்ளதா, வெறும் வளியா என்பது ஒன்று. பசை நிரப்பினால் உள்ளே உள்ள இரண்டு தெறிப்பு முகங்கள் ஏறத்தாழ இல்லாமற் போவதோடு, மாரியில் உட்புறம் நீராவி படியவும் இடமிராது. மேல் முகத்தில் தெறிப்புத் தடுப்புப் பூச்சு உண்டா என்பது மற்றது. அந்தப் பூச்சு நல்லதாக இருந்தால் 4 வீதம் 1 வீதத்துக்கும் கீழே இறங்கும். கையில் எடுத்து வெயிலில் சரித்துப் பார்க்கவும் மறக்க வேண்டாம்: மலிவான தொடுகைக் கண்ணாடிகளில் மெல்லிய கட்டங்கள் தெரியும். கண்ணாடியில் மின்கடத்தியாகப் பூசப்படும் இந்தியம் வெள்ளீய ஒட்சைட்டின் முறிவுச் சுட்டி கண்ணாடியினதைவிடக் கூடியது என்பதால், பூச்சு உள்ள இடமும் அரித்து நீக்கிய இடமும் வேறுவேறு அளவில் தெறிக்கின்றன. நல்ல தயாரிப்பாளர்கள் இடையில் வேறு படலங்களை இட்டு அந்த வேறுபாட்டை மறைத்துவிடுவார்கள். முனைவாக்கிய, அதாவது ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வரும் பிள்ளைகளுக்குச் சில திரைகள் முற்றாக இருண்டுவிடும். அப்படி ஒரு கண்ணாடியையும் கையோடு கொண்டு போனால் கடையிலேயே சோதித்துவிடலாம்.

எழுத்துக்கோலம் (கல்முனை) பதில்:

அண்ணன் எழுதிய கணக்கு என் வேலையிலும் பாதியைக் குறைத்துவிட்டது. மீதிப் பாதி திரைக்குள் என்ன வரைந்திருக்கிறது என்பதில் இருக்கிறது. செயலிகளுக்குத் தமிழில் முகப்பு வரைவது என் தொழில் என்பதால் அதை மட்டும் எழுதுகிறேன்.

கருநீலப் பின்னணியை முதலில் மாற்றுங்கள். இருண்ட பின்னணி உள்ள திரை வெளியில் கண்ணாடி போலவே நடந்துகொள்ளும். ஆளின் முகமும் லொறியும் தகரக் கூரையும் அந்த நீலத்தில் தெளிவாகத் தெரிந்து எழுத்தோடு போட்டியிடும். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து வைத்தால் அந்த விம்பங்கள் வெள்ளைக்குள் அமுங்கிவிடும். தூசியும் விரல் தடமும்கூட வெள்ளையில் குறைவாகவே தெரியும். இளம்பச்சை, இளமஞ்சள் எல்லாம் அறைக்குள் இருந்து வேலை செய்பவர்களின் கண்ணுக்கு அழகு. கண்ணில் வெண்படலம் விழுந்த ஒருவருக்கு, வெளிச்சம் கூடக்கூடப் பார்வை கலங்கும். உங்கள் வாசலில் அப்படியானவர்கள் நாளுக்குப் பலர் வருவார்கள்.

அடுத்தது தமிழ் எழுத்தின் உயரம். ஆங்கில எழுத்துக்காகக் கட்டிய வரியிடைவெளியில் தமிழை ஊற்றினால் மேலே உள்ள விசிறியும் (இகர, ஈகாரக் குறி) கீழே உள்ள உகரச் சுழியும் வெட்டுப்படும். உங்கள் நெல் இனங்களின் பட்டியலில் 'கீரிச் சம்பா' இருக்கும் அல்லவா? அந்த 'கீ'யின் மேற்சுழி மொட்டையானால் அது 'கி' ஆகிவிடும். வாசிப்பவர் ஊகித்துக்கொள்வார் என்று சொல்லலாம். விலை வேறுபடும் இடத்தில் ஊகத்துக்கு விடக்கூடாது. 1280க்கு 800 பிக்சல் கொண்ட 10.1 அங்குலத் திரையில் ஒரு பிக்சல் 0.17 மில்லிமீற்றர். 4 மில்லிமீற்றர் உயரத்தில் மெல்லிய எழுத்து வைத்தால் மெய்யெழுத்தின் புள்ளிக்குக் கிடைப்பது இரண்டு மூன்று பிக்சல். அதன் மேல் மங்கல் தாளும் ஒட்டினால் 'நெல்' என்பது 'நெல' என்று நிற்கும். சற்றுத் தடித்த எழுத்துருவில் சொற்களுக்கு 7 மில்லிமீற்றரும், இலக்கங்களுக்கு 10 மில்லிமீற்றரும் வைக்கும்படி மென்பொருள் செய்தவரிடம் சொல்லுங்கள். இடம் போதாது என்பார். சொற்களைக் குறைத்தால் போதும்: 'உறுதிப்படுத்துக' என்பதற்குப் பதிலாக 'சரி', 'முந்தைய பக்கத்துக்குச் செல்க' என்பதற்குப் பதிலாக 'திரும்ப'.

விசைகளின் அளவுக்கு வருகிறேன். கைத்தொலைபேசிச் செயலிகளுக்கு ஆண்ட்ரொய்ட் வழிகாட்டி சொல்லும் குறைந்த அளவு ஏறத்தாழ 9 மில்லிமீற்றர். அது உட்கார்ந்து சாவகாசமாகத் தொடும் விரலுக்கானது. நின்றபடி, பின்னால் ஆட்கள் அவசரப்படுத்த, காய்த்துத் தடித்த விரலால் அடிப்பவருக்கு 18 மில்லிமீற்றர் உயரமும் 25 மில்லிமீற்றர் அகலமும் உள்ள விசை வேண்டும்; விசைகளுக்கு இடையில் 4 மில்லிமீற்றர் வெறுமை. நான்கு வரிசைக்கு 84 மில்லிமீற்றர் போகும். உங்கள் திரையின் உயரம் 136 மில்லிமீற்றர். அடித்த இலக்கம் பெரிதாகத் தெரிய மேலே 50 மில்லிமீற்றர் மிஞ்சுகிறது. வரிசை தொலைபேசியில் உள்ளது போல 1 மேலே வரும்படி இருக்கட்டும். கணிப்பானின் வரிசை காசாளருக்குத்தான் பழக்கம்.

அடையாள அட்டையில் ஒரு சிக்கல் உண்டு. 2016இலிருந்து வழங்கப்படும் புதிய அட்டையில் 12 இலக்கங்கள். பழையதில் 9 இலக்கங்களும் ஓர் ஆங்கில 'வீ' (V) எழுத்தும், சிலவற்றில் 'எக்ஸ்' (X) எழுத்தும். வயதானவர்களிடம் இருப்பது பெரும்பாலும் பழையது. அந்த எழுத்துக்காகத் தனி விசைப்பலகை திறக்க வைத்தால் அங்கேயே சிட்டை நின்றுவிடும். இலக்க விசைகளுக்குப் பக்கத்திலேயே அந்த இரண்டு எழுத்துகளையும் வைத்துவிடுங்கள். அடித்த இலக்கத்தை மூன்று மூன்றாக இடைவெளி விட்டுக் காட்டினால் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க இலகு.

தொட்ட அந்தக் கணத்திலேயே விசை நிறம் மாற வேண்டும், ஒரு சத்தமும் கேட்க வேண்டும். பதில் பிந்தினால் ஆள் இன்னொரு முறை அடிப்பார். 4 மூட்டை 44 மூட்டையாகும்.

வட்டைவாசி எழுதியது:

அண்ணனுக்கும் தங்கைக்கும் நன்றி. சனிக்கிழமை காலையில் தகட்டைக் கழற்றி, மங்கல் தாளை உரித்து, பெட்டியின் பின்னால் மரத்துண்டு வைத்துச் சாய்வை 10 பாகை அளவுக்குக் கொண்டுவந்தேன். எட்டு மணிக்கு, ஒளிர்வை மாற்றாமலே, நான் போட்டிருந்த நீலச் சாரத்தின் கோடுகள் திரைக்குள் மங்கலாகத் தெரிய, அதற்கு மேல் எழுத்து நன்றாகத் தெரிந்தது. முதலாளியையும் கூப்பிட்டுக் காட்டினேன். விலை கேட்பதை நிறுத்திவிட்டார்.

பின்னணியை வெள்ளையாக்க மென்பொருள்காரர் உடன்பட்டுவிட்டார். 'கீ' வெட்டுப்படுவதை அவருடைய கணினியிலேயே காட்டிய பிறகு அவர் வாதாடவில்லை.

தகடு போனதும் என் விரலுக்கு முதல் தொடுகையே போதுமாகிவிட்டது. ஆனால் வயலிலிருந்து வருபவர்களில் பத்தில் மூன்று நான்கு பேருக்கு இன்னும் கடினம். தாமாக இலக்கம் விழுவதும் நிற்கவில்லை. நெல் ஏற்றும் எலிவேற்றர் மோட்டார் ஓடும்போதுதான் அது நடக்கிறது என்று இப்போது பிடிபட்டுள்ளது. திரைக்கு மின் கொடுப்பது இரண்டு ஊசி அடப்டர். முன்னர் வழக்கில் இருந்த அழுத்து வகைத் தொடுதிரைக்கே திரும்பிவிடலாமா என்றும் ஓர் எண்ணம்.

மில் மெக்கானிக் (அக்கரைப்பற்று) பதில்:

தம்பி, ஆலைகளில் கலர் சோர்ட்டர், ட்ரையர் ஆகியவற்றின் தொடுதிரைகளோடு நாளாந்தம் மல்லுக்கட்டும் ஒருவன் என்ற முறையில், முதலில் ஒரு மறுப்பை எழுதிவைக்கிறேன். பத்து இலக்கமும் இரண்டு எழுத்தும் அடிப்பதற்குத் தொடுதிரை தேவைதானா? வங்கி இயந்திரங்களில் உள்ளது போன்ற உலோக விசைப்பலகை ஒன்றைத் திரைக்குக் கீழே பூட்டினால், மழை, தூசி, கை காய்ப்பு எதுவும் அதை அண்டாது. கண் தெரியாதவரும் 5ஆம் விசையின் மேட்டைத் தடவி அடிப்பார். 1965இல் இங்கிலாந்தின் மால்வேர்ன் ராடார் ஆய்வு நிலையத்தில் ஈ. ஏ. ஜோன்சன் விரலால் தொடும் திரையைப் பற்றி எழுதியபோது, வான் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துபவர்கள் அறைக்குள் அமர்ந்து பயன்படுத்துவதையே மனதில் வைத்திருந்தார். களத்து வாசலுக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் நாங்கள்.

சரி, வாங்கியாயிற்று. இனி விரலைப் பார்ப்போம்.

உங்கள் திரை கொள்ளளவ வகை (கொள்ளளவம் என்பது மின்னேற்றத்தைத் தேக்கும் அளவு). விரலும் கண்ணாடிக்குள் உள்ள மின்கடத்திக் கோடுகளும் சேர்ந்து உண்டாக்கும் மிகச் சிறிய கொள்ளளவ மாற்றத்தை அது அளக்கிறது. இடையில் எது வந்தாலும் அந்த மாற்றம் மெலிந்துவிடும், வளி வந்தால் மிகவும் மெலிந்துவிடும். நீங்கள் பூட்டியிருந்த தகட்டுக்குக் கீழே வளி இருந்தது. அழுத்தினால் தகடு வளைந்து கண்ணாடியோடு முட்டியது, அதனால்தான் அழுத்தியவருக்கு மட்டும் வேலை செய்தது. காய்த்த, உலர்ந்த தோலும் இடையில் நிற்கும் தடைதான். வைக்கோலும் வெயிலும் பட்ட விரலில் ஈரம் இருக்காது.

இதற்கு வழி திரைக்குள்ளேயே இருக்கிறது. தொடுகைக் கட்டுப்படுத்தியில் உணர்திறனைக் கூட்டும் அமைப்பு பெரும்பாலும் இருக்கும். கையுறைப் பாங்கு என்று பெயர் வைத்திருப்பார்கள். அதை இயக்கிப் பாருங்கள். ஆனால் மின் இரைச்சலை, அதாவது மோட்டார் போன்றவை மின்சாரத்தில் கிளப்பும் குழப்பத்தை, தீர்ப்பதற்கு முன்னர் உணர்திறனைக் கூட்டினால், யாரும் தொடாமலே விழும் பேய்த் தொடுகை கூடிவிடும். வரிசை மாறக்கூடாது.

இரைச்சலைக் கண்டுபிடிப்பது எளிது. மோட்டார் ஓடும்போது அடப்டரைக் கழற்றிவிட்டு, அதே வோல்ற்று உள்ள ஒரு பற்றரியிலிருந்து திரைக்கு மின் கொடுங்கள். இலக்கம் விழுவது நின்றால் குற்றவாளி அடப்டர் வழியாக வருகிறது. இரண்டு ஊசி அடப்டரில் ஏர்த் (தரையோடு இணைக்கும் வயர்) இல்லை. அதன் வெளியீடு முழுவதுமே தரைக்குச் சார்பாக ஆடிக்கொண்டிருக்கும், ஆள் விரல் வைக்கும்போது அந்த ஆட்டம் விரல் வழியாகத் தரைக்குப் போகும், கட்டுப்படுத்தி அதைத் தொடுகை என்று நம்பும். ஏர்த் உள்ள மூன்று ஊசி வழங்கி வாங்கி, இரும்புத் தூணையும் பெட்டியையும் அதே ஏர்த்தோடு இணையுங்கள். சுவரில் மூன்று துளை இருப்பதால் ஏர்த் இருக்கிறது என்று நம்ப வேண்டாம். நான் திறந்து பார்த்த பழைய களஞ்சியங்கள் சிலவற்றில் அந்த மூன்றாம் துளைக்குப் பின்னால் வயரே இருந்ததில்லை. மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு அளந்து பாருங்கள். மோட்டார் வயரையும் திரையின் வயரையும் ஒரே குழாயில் இழுத்திருந்தால் அதையும் பிரித்துவிடுங்கள்.

அழுத்து வகைக்குத் திரும்புவதைப் பற்றி: இரண்டு மின்கடத்திப் படலங்கள் ஒன்றையொன்று முட்டுவதை உணர்வது அது. பேனா மூடியாலும் நகத்தாலும் தொடலாம், ஈரத்துக்கும் அசையாது. விரலைப் பொறுத்தவரை உங்கள் வாசலுக்கு அது பொருத்தம்தான். ஆனால் அந்தப் படலங்களும் இடையிலுள்ள வளியும் திரையின் ஒளியில் ஐந்தில் ஒரு பங்கு வரை விழுங்கிவிடும், தெறிப்பையும் கூட்டும். மேல் படலம் பிளாஸ்ரிக் என்பதால் நெல் தூசியோடு விரல் உரசி உரசி ஒரே போகத்தில் கீறல் விழும். வாவிக்கரையார் காலையில் மீட்டுத் தந்ததை மறுபடி இழக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, விளிம்பில் அகச்சிவப்புக் கதிர் ஓடும் வகை. அதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். நேர் வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு, விளக்கைச் சுற்றும் பூச்சியும் அங்கே ஒரு விரல்தான்.

வாவிக்கரை மீண்டும்:

கரும்படலத்தைப் பற்றி முதல் பதிலில் எழுத விட்டுப்போயிற்று. திரைக்குள் இருக்கும் திரவப் பளிங்கு ஒரு குறித்த வெப்பநிலைக்கு மேல் தன் ஒழுங்கை இழந்து சாதாரணத் திரவமாகிவிடும். அந்த இடத்தில் ஒளி கடக்காது, ஆகவே கறுக்கும். அறைக்குள் பயன்படுத்தும் திரைகளில் அந்த எல்லை 70, 80 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். வெளிப்புறத்துக்கென்றே செய்தவற்றில் 110 வரை உயரும். கறுப்புப் பெட்டி, காற்றோட்டமில்லை, நேர் வெயில், உச்ச ஒளிர்வு, மேலே ஒரு அக்கிரிலிக் மூடி: அந்த எல்லையைத் தொட இவ்வளவும் போதும். ஆறினால் மறைந்துவிடுகிறது என்று விட்டுவிட்டால், திரைக்குள் ஒட்டியுள்ள முனைவாக்கித் தாள் பழுத்து நிரந்தரமாகக் கறை பிடிக்கும். பெட்டிக்கு வெள்ளை பூசுங்கள். அடியிலும் மேலே பின்பக்கத்திலும் துளையிட்டு, பதரும் தூசியும் புகாதபடி நுண்வலை அடியுங்கள். ஒளிர்வை உச்சத்தில் வைத்திருக்க இனித் தேவையில்லை. அதைக் குறைத்தாலே உள்ளிருந்து வரும் வெப்பம் குறையும்.

தூணைப் பிடுங்கி நடும் வாய்ப்பு இருந்தால் திரையை வடக்கு நோக்கித் திருப்புங்கள். சம்மாந்துறை ஏறத்தாழ 7.4 பாகை வட அகலாங்கில் இருப்பதால், பெரும்போக அறுவடை நடக்கும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் சூரியன் பெரும்பாலும் தெற்குப் பக்கமாகவே போகும்; வடக்கு நோக்கிய திரையில் நேர் வெயில் ஏறத்தாழ விழாது. ஏப்ரல் முற்பகுதியிலிருந்து செப்டெம்பர் முற்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கும். அப்போதும் நண்பகல் வெயில் மிகச் சரிவாகவே விழும் என்பதால், தாழ்வாரத்தை ஓர் அடி நீட்டினால் அதைத் தடுத்துவிடலாம். காலையிலும் மாலையிலும் பக்கவாட்டில் வருவதற்குப் பெட்டியின் இரு பக்கமும் கை அகலத்தில் ஒரு கறுப்பு மடல். உட்புறம் மட்டும் கறுப்பு. வெளிப்புறம் வெள்ளையாகவே இருக்கட்டும்.

உயரத்தையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். சாய்வைக் குறைத்ததால் உயரமானவர்கள் திரையைச் சற்றுச் சரிவாகப் பார்ப்பார்கள். மலிவான திரைகளில் அந்தக் கோணத்தில் நிறம் திரிந்துவிடும். திரையை 5 சென்றிமீற்றர் உயர்த்தலாம், ஆனால் ஆக மேலே உள்ள விசை 120 சென்றிமீற்றரைத் தாண்டக்கூடாது. சக்கர நாற்காலியில் வருபவருக்கு அதற்கு மேல் கை எட்டாது.

வட்டைவாசி எழுதியது:

பற்றரிச் சோதனையை நேற்றுப் பின்னேரம் செய்தேன், மெக்கானிக் காக்கா (அண்ணன்). எலிவேற்றர் அரை மணித்தியாலம் ஓடியும் ஓர் இலக்கம்கூடத் தானாக விழவில்லை. அடப்டரைப் பூட்டிய மூன்றாவது நிமிடத்தில் 7 விழுந்தது. மின்னியலாளரைக் கூட்டிவந்து பார்த்ததில், நீங்கள் சொன்னபடியே மூன்றாம் துளைக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. வாசலுக்குத் தனி ஏர்த் வயர் இழுப்பதற்கு இன்று கம்பி வாங்கியாயிற்று. அது முடிந்த பிறகுதான் கையுறைப் பாங்கைத் தொடுவேன்.

உலோக விசைப்பலகையை முதலாளி மறுக்கவில்லை. திரைக்குக் கீழே அதற்கென்று ஓர் இடம் வெட்டி, இப்போதைக்குத் தகரத்தால் மூடி வைக்கச் சொல்லியிருக்கிறார். சிறுபோகத்தில் பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் விரல் படாமல் நின்றால் அதைத் திறப்பது என்று பேசிக்கொண்டோம்.

தூணைத் திருப்புவது இந்தப் போகத்தில் நடக்காது. தராசு வயர்கள் அதற்குள்ளால்தான் போகின்றன. ஆகவே கிழக்கு நோக்கியபடியே மடல்களைப் பூட்டுகிறேன். பெட்டிக்கு வெள்ளை நாளை பூசுவோம். பூச்சுக் காய்ந்த பிறகு உள்ளே ஒரு வெப்பமானியை வைத்து, பத்து மணிக்கு எவ்வளவு காட்டுகிறது என்று இங்கே எழுதுகிறேன். 'வீ' விசையின் கீழே 'பழைய அட்டைக்கு' என்று சிறிதாக எழுதலாமா, அது விசையை நெருக்கிவிடுமா என்பதைத் தங்கை சொல்ல வேண்டும்.

எழுத்துக்கோலம் பதில்:

விசைக்குள் எழுத வேண்டாம். 9 இலக்கம் அடித்து முடிந்ததும் அந்த இரண்டு எழுத்து விசைகளும் நிறம் மாறட்டும். பழைய அட்டைக்காரர் அதைப் பார்த்துத் தொடுவார், புதிய அட்டைக்காரர் பத்தாவது இலக்கத்துக்குப் போய்விடுவார்.